இறக்கை ஜாய்னரும் பின்னும்: எந்தப் பொருள், எவ்வளவு கனம், எப்படிப் பொருத்துவது? சேலத்து மாடல் விமானக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் இறக்கை எதுவானாலும், பறக்கும்போது விமானத்தின் மொத்தப் பாரமும் நடுவில் இருக்கும் ஒரு கம்பியில்தான் வந்து நிற்கிறது. அதுதான் ஜாய்னர். சேலத்தில் மாடல் விமானம் விடுபவர்களுக்கு இது தவிர்க்க முடியாத பொருள். பைக்கில் வறண்ட ஏரிப்படுகைக்குப் போகிறவரும் சரி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவரும் சரி, இரண்டு மீட்டர் இறக்கையை ஒரே துண்டாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஜாய்னருக்குப் பொருள் தேடும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: எது நல்ல ஸ்ட்ராங்காக இருக்கும்? அந்தக் கேள்வி பாதிதான். எந்த ஜாய்னரும் என்றாவது ஒரு நாள் அதன் எல்லைக்கு மேல் சுமையைச் சந்திக்கும். அன்றைக்கு அது வளைந்து நிற்குமா, படாரென்று முறியுமா, அல்லது தான் பிழைத்துக்கொண்டு இறக்கையின் வேரை, அதாவது உடலோடு சேரும் முனையை, கிழித்துவிடுமா? இதையும் சேர்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: வேலையைப் பிரித்துப் பாருங்கள்

இறக்கையின் வேரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, இறக்கை மேல்நோக்கி வளைவதைத் தாங்குவது. இதுதான் பெரிய வேலை. முழுக்க முழுக்க ஜாய்னருடையது. இரண்டாவது, இறக்கை ஜாய்னரைச் சுற்றித் திருகிக்கொள்ளாமல் தடுப்பது. உருண்டைக் கம்பியால் இதைச் செய்ய முடியாது. அதற்காகத்தான் பின்னால், இறக்கையின் வால் விளிம்புப் பக்கம், ஒரு சின்ன பின், அதாவது குட்டிக் குச்சி, வைக்கிறோம். மூன்றாவது, இரண்டு இறக்கையும் பக்கவாட்டில் கழன்று போகாமல் பிடிப்பது. இது மிகச் சின்ன வேலை. ஒரு துண்டு டேப் போதும்.

இந்த மூன்றையும் ஒரே பொருளிடம் ஒப்படைக்காதீர்கள். ஜாய்னர் அசையாமல் இருக்கட்டும் என்று அதையே இறக்கைக்குள் பசை போட்டு ஒட்டிவிடுவது, பின்னுக்கும் ஜாய்னர் கனத்திலேயே எஃகுக் கம்பி போடுவது, இரண்டும் நான் அடிக்கடி பார்க்கும் அமைப்புகள். பறக்கும்போது குறை தெரியாது. தரையில் இறக்கை நுனி ஒரு கருவேலஞ் செடியில் மாட்டும்போதுதான் தெரியும்.

படி 2: சுமையைக் கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பெருக்கல்தான். விமானத்தின் எடையைக் கிலோவில் எடுங்கள். இறக்கையின் முழு நீளத்தை, நுனியிலிருந்து நுனி வரை, மீட்டரில் எடுங்கள். விமானம் தாங்க வேண்டிய ஜி எண்ணை, அதாவது தன் எடையைப்போல எத்தனை மடங்கு சுமை என்பதை, எடுங்கள். மூன்றையும் பெருக்கினால் வருவது, ஏறத்தாழ, இறக்கையின் நடுவில் வரும் வளைவு விசை, நியூட்டன் மீட்டரில். தூக்குவிசை அரை இறக்கையின் 42 சதவீத தூரத்தில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் இந்தச் சுருக்கம் கிடைக்கிறது. துல்லியமாகப் போட்டால் 3 சதவீதம் கூட வரும். இறக்கையின் சொந்த எடை அந்தச் சுமையில் கொஞ்சத்தைக் குறைத்துவிடுவதால் நமக்கு இது போதும்.

ஜி எண்ணுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: அமைதியாகச் சுற்றும் பயிற்சி விமானத்துக்கு 5 அல்லது 6, ரப்பர் கயிறு கட்டி ஏவும் கிளைடருக்கு 10, மலைச்சரிவில் டைவ் அடித்துத் தூக்கும் விமானத்துக்கு 15.

உதாரணமாக, 1.2 கிலோ எடை, 2 மீட்டர் இறக்கை, 10 ஜி என்று ஒரு கிளைடரை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 24, அதைக் கொஞ்சம் கூட்டி 25 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால் 25,000.

அடுத்தது கம்பி. உருண்டையான, உள்ளே கெட்டியான கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை மூன்று முறை தன்னாலேயே பெருக்கி, 10-ஆல் வகுங்கள். 6 மி.மீ. கம்பிக்கு 21.6 வரும். 8-க்கு 51, 10-க்கு 100, 12-க்கு 173. நம் 25,000-ஐ இந்த எண்ணால் வகுத்தால், பொருளின் மேல் விழும் அழுத்தம் மெகாபாஸ்கலில் கிடைக்கும். 6 மி.மீ. கம்பியில் ஏறத்தாழ 1,160, 8-ல் 490, 10-ல் 250, 12-ல் 145.

விட்டம் 6-லிருந்து 12 ஆனதும் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது, பாருங்கள். இறக்கையின் கனம் இடம் கொடுத்தால், விலை கூடிய பொருளுக்குப் போவதற்கு முன்னால் விட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

இந்த நான்கு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சாதா இரும்பு. ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைப்பது மைல்டு ஸ்டீல். இது ஏறத்தாழ 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளைந்துவிடும். அப்படியானால் நம் கிளைடருக்கு 10 மி.மீ. கம்பிகூட எல்லையில்தான் நிற்கும். 25 செ.மீ. நீளத்துக்கு அதன் எடை 150 கிராமைத் தாண்டும். 1.2 கிலோ விமானத்தில் இது ரொம்ப அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சேலம் உருக்காலையே ஸ்டெயின்லெஸ் தகடுக்குப் பேர் போனதுதானே. ஆனால் மென்மையாக்கப்பட்ட நிலையில் 304 ரகம் 200-ஐக் கொஞ்சம் தாண்டியதுமே வளையத் தொடங்கும். துருப்பிடிக்காது என்பது வேறு, வளையாது என்பது வேறு. ஜாய்னருக்குச் சாதா இரும்பும் வேண்டாம், சாதா ஸ்டெயின்லெஸ்ஸும் வேண்டாம்.

இரும்புக் குடும்பத்தில் நமக்கு ஆகிற ஒரே ஆள் பியானோ ஒயர், அதாவது ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. 6 மி.மீ. கனத்தில் இது 1,600-க்குப் பக்கத்தில் போய்த்தான் அறும். ஆனால் நிரந்தர வளைவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். நம் கிளைடரின் 1,160 அதன் எல்லையை ஒட்டி நிற்கிறது, 7 மி.மீ. என்றால் நிம்மதி. மெல்லிய இறக்கைக்கு இது நல்ல பொருள். பெரிய சுமை வரும்போது வில் மாதிரி வளைந்து திரும்பிவிடும். அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு என்றாலும், 6 மி.மீ. எஃகுக் கம்பி 10 மி.மீ. அலுமினியக் கம்பியின் விறைப்பில் பாதியைக்கூட எட்டாது. இறக்கை மேலும் கீழும் அலைவதைக் கண்ணால் பார்க்கலாம். டைஹெட்ரல் கோணம், அதாவது இரண்டு இறக்கையும் நுனிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் கோணம், வேண்டுமானால் பியானோ ஒயரைக் குளிராகவே வைஸில் வைத்து, மொழுக்கென்ற வளைவாக வளைக்க வேண்டும். கேஸ் அடுப்பில் காட்டினீர்களானால் அதன் பதம் போய், சாதா கம்பிதான் மிஞ்சும். கட்டிங் பிளேயரால் நறுக்கவும் கூடாது. பிளேயரின் வாய் பல் போய்விடும், வெட்டுண்ட துண்டு தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டிங் டிஸ்கில் அறுங்கள்.

அடுத்து அலுமினியம். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன காலம் ஒன்று உண்டு, ஆகவே இந்த உலோகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசம். ஜாய்னருக்கு அலுமினியம் வாங்கும்போது எந்த ரகம் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஜன்னல், பார்ட்டிஷன் செய்யும் கடைகளில் மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலும் 6063. அது பதப்படுத்தியதைப் பொறுத்து 145-லிருந்து 215 வரை தாங்கும். 6061-டி6 என்றால் 276. 7075-டி6 என்றால் 500-ஐத் தொடும். விலையும் அதற்கேற்ப ஏறும். நம் கிளைடருக்கு 10 மி.மீ. 6061 மிகவும் ஒட்டிப்போகும், 12 மி.மீ. போட்டால் தாராளம். 7075 கிடைத்தால் 10 மி.மீ. போதும். 25 செ.மீ. நீளமுள்ள 10 மி.மீ. கம்பி 53 கிராம்.

அலுமினியத்திடம் எனக்குப் பிடித்தது அது தோற்கும் விதம். எல்லை தாண்டினால் முறியாது, வளைந்து நிற்கும். இறக்கை கொஞ்சம் தூக்கினாற்போல ஆகும், விமானம் பெரும்பாலும் வீடு திரும்பும். கீழே இறங்கியதும் ஜாய்னரை உருவி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும், உருளும்போது தடக் தடக்கென்று தட்டும். அந்தக் கம்பியை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியிருக்கலாம். புதுக் கம்பி அறுத்துப் போடுங்கள்.

பெரிய விமானங்களுக்கு அலுமினியக் குழாய்தான் நியாயமான தேர்வு. 5 கிலோ எடை, 2.5 மீட்டர் இறக்கை, 6 ஜி என்றால் 75 நியூட்டன் மீட்டர். இதற்கு 25 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் உள்ள குழாயில் ஏறத்தாழ 120 மெகாபாஸ்கல்தான் விழும். அரை மீட்டர் நீளத்துக்கு 150 கிராம். ஜன்னல் கடைக் குழாயே இதைத் தாங்கிவிடும், சுவர் உள்ளே நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் இன்னும் நல்லது. அலுமினியத்தில் பற்றவைப்பு வேலை எதுவும் வேண்டாம். சூட்டில் பதம் போய்விடும்.

கார்பன் கம்பி. உள்ளே கெட்டியாக, நார்கள் நீளவாட்டில் ஓடும் பல்ட்ரூடட் ரகத்தைச் சொல்கிறேன். நல்ல கம்பி வளைவில் 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். 8 மி.மீ. கம்பி நம் கிளைடரின் 490-ஐ இரண்டு மடங்கு பாதுகாப்போடு தாங்கும். எடையோ 20 கிராம்தான். விறைப்பும் நன்றாக இருக்கும், இறக்கை அலையாது. பந்தயக் கிளைடர்களில் எல்லாரும் கார்பனுக்குப் போனதற்குக் காரணம் இதுதான். ஆனால் கார்பன் வளைந்து எச்சரிக்காது. எல்லை வரும்வரை ஒன்றும் தெரியாது, வந்ததும் முறிந்துவிடும். அதனால் கார்பனுக்கு மட்டும் இரண்டு மடங்குக்குக் குறையாத பாதுகாப்பு வையுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கணக்கில் 7 மி.மீ. போதும் என்று வந்தாலும் 8 போடுங்கள். நாலைந்து கிராம் மிச்சம் பிடித்து விமானத்தைப் பறிகொடுக்க வேண்டாம்.

கார்பன் குழாய் வேறு சங்கதி. கெட்டிக் கம்பியின் கணக்கைக் குழாய்க்கு அப்படியே போடக் கூடாது. மெல்லிய குழாய், நார் அறுவதற்கு முன்பே முட்டை வடிவாக நசுங்கி நீளவாக்கில் பிளந்துவிடும். நீளவாட்டு நார் மட்டும் உள்ள மலிவான குழாய்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குறுக்கே சுற்றிய நாரும் உள்ள குழாயாக வாங்குங்கள். நடுவில், உடலுக்குள் வரும் பகுதியில், ஒரு கெட்டி மரக்குச்சியைப் பசையோடு செருகுங்கள்.

கார்பனை வெட்டும்போது வெட்டும் இடத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டி, நெருக்கமான பல் உள்ள ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். முகமூடி கட்டாயம். தூசு பறக்காமல் ஈரத் துணி வைத்துக்கொள்ளுங்கள். அறுத்த முனையைத் தண்ணீர் எமரியில் தேய்த்து, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் மாட்டிக் கழற்றும்போது ஒவ்வொரு நாராகப் பிரியும், விரலில் ஏறினால் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இன்னொன்று: கார்பன் ரேடியோ அலையை மறைக்கும். ரிசீவரின் ஆன்டெனாவை ஜாய்னரை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணாடி நார்க் கம்பி கார்பனின் வலுவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும், விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். மலிவு. நன்றாக வளைந்து கொடுக்கும். சின்ன ஃபோம் விமானத்துக்கு நல்லது, பெரிய கிளைடருக்கு ரொம்பத் துவளும். அவ்வளவுதான்.

இனி மூங்கில். இதைப் பழைய காலத்து வழி என்று ஒதுக்காதீர்கள். அரை கிலோ எடை, ஒரு மீட்டர் இறக்கை, 5 ஜி உள்ள பயிற்சி விமானத்துக்கு வளைவு விசை 2.5 நியூட்டன் மீட்டர்தான். 8 மி.மீ. மூங்கில் குச்சியில் விழுவது 50 மெகாபாஸ்கல். நன்கு காய்ந்த மூங்கில் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். நமக்கு வேண்டியது கல் மூங்கில். உள்ளே பொந்து குறைவாக, கெட்டியாக இருக்கும், லத்திக் கம்புக்குப் போடுவதும் இந்த ரகம்தான். இதை ரம்பத்தால் அறுக்காமல், கத்தி வைத்துத் தட்டிப் பிளக்க வேண்டும். அப்போதுதான் நார் முழு நீளத்துக்கும் அறாமல் வரும். கணு இல்லாத இடமாகப் பாருங்கள். மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது, ஆகவே தோலை உரிக்கக் கூடாது. பொருத்தும்போது தோல் பக்கம் கீழே இருக்கட்டும். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது, மூங்கில் நார் இழுவையைத்தான் நன்றாகத் தாங்கும். நிழலில் காய வைத்து, வார்னிஷ் ஒரு கை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உளுத்துப்போகும். மூங்கில் தோற்கும்போது முதலில் முனகும், பிறகு நார் நாராகப் பிரியும், ஒரேயடியாக விட்டுவிடாது. கற்றுக்கொள்கிறவருக்கு இந்தக் குணம் பெரிய உதவி.

பட்டையான ஜாய்னர் பற்றியும் ஒரு வார்த்தை. பிர்ச் பிளைவுட்டிலோ அலுமினியப் பட்டையிலோ நட்டுக்குத்தாக வைக்கும் ஜாய்னரில், உயரம்தான் வலுவைக் கொடுக்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்காகும். 3 மி.மீ. கனம், 20 மி.மீ. உயரமுள்ள அலுமினியப் பட்டை நம் கிளைடரின் சுமையை 125 மெகாபாஸ்கலில் தாங்கிவிடும். திருகாமலும் பிடிக்கும், டைஹெட்ரலையும் வெட்டும்போதே கொடுத்துவிடலாம். குறை ஒன்றுதான்: முன்பின்னாக வரும் அடியை அது தாங்காது. இறக்கை நுனி தரையில் மாட்டி விமானம் சுழலும்போது பட்டை பக்கவாட்டில் மடங்கிவிடும். கரடுமுரடான இடத்தில் இறக்குகிறவர்கள் உருண்டைக் கம்பிக்கே போங்கள்.

படி 4: உறையைச் சரியாகச் செய்யுங்கள்

ஜாய்னர் உடைந்ததாகச் சொல்லப்படும் விபத்துகளில், கம்பியை எடுத்துப் பார்த்தால் பல நேரம் அது முழுசாக இருக்கும். உடைந்தது உறை, அதாவது இறக்கைக்குள் ஜாய்னர் நுழையும் குழல். ஆகவே கம்பிக்குச் செலவிடும் யோசனையைவிட இதற்குக் கூடுதலாகச் செலவிடுங்கள்.

25 நியூட்டன் மீட்டர் வளைவு விசை 10 செ.மீ. நீளமுள்ள உறைக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 250 நியூட்டன், அதாவது 25 கிலோ அளவுக்கு, கம்பி குத்தித் தள்ளும். உறையை 15 செ.மீ. ஆக்கினால் அது 17 கிலோவாகக் குறையும். பால்சா மரத்தாலோ ஃபோமாலோ இந்தக் குத்தைத் தாங்க முடியாது. ஆகவே இரண்டு விஷயம் செய்ய வேண்டும். ஒன்று, உறை நீளமாக இருக்கட்டும்; கம்பியின் விட்டத்தைப்போல 12 மடங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் போகட்டும். இரண்டு, உறை முழுவதும் ஸ்பாரின் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் நடுவில் சிக்கி உட்காரட்டும். இடைவெளியைக் கெட்டி மரக்கட்டையாலோ பிளைவுட்டாலோ நிரப்பி, உறையின் இரு முனைகளிலும் ஸ்பாரோடு சேர்த்துக் கண்ணாடி நார் நூலையோ கெவ்லார் நூலையோ பசையில் தோய்த்து நெருக்கமாகச் சுற்றுங்கள். நூல் கிடைக்காவிட்டால் நல்ல பாலியெஸ்டர் தையல் நூலும் ஆகும்.

பியானோ ஒயருக்குப் பித்தளைக் குழாய் உறை பொருத்தமாக இருக்கும். கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் உறையை நீங்களே செய்துகொள்வது நல்லது. முறை இது. ஜாய்னர் கம்பியை நன்றாகத் துடைத்து, அதன் மேல் செல்லோ டேப்பை ஒரே சுற்று, விளிம்பு விளிம்போடு ஒட்டுமாறு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நீளவாக்கில் ஒட்டுங்கள். டேப்பின் கனம் இருபுறமும் சேர்ந்து 0.1 மி.மீ. இடைவெளி கொடுக்கும். அதுதான் நமக்கு வேண்டிய அளவு. அதன் மேல் மெழுகு பாலிஷ் இரண்டு கை தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பிறகு மெல்லிய கண்ணாடி நார்த் துணியை எப்பாக்ஸியில் நனைத்து மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். ஃபைபர் பட்டறைகளில் கிடைக்கும் துண்டு நார் பாய் இதற்கு ஆகாது, நெய்த துணிதான் வேண்டும். கடைசியில் இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பிடித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் மிகுதியான பசை பிதுங்கி வெளியே வரும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் கம்பியைத் திருகிக்கொண்டே இழுத்தால், முதலில் அசையாத மாதிரி இருந்து, ஒரு சின்ன டக் சத்தத்தோடு விடும். வரவில்லையென்றால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இழுங்கள்.

பசை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உறை ஒட்டுவதற்கு ஐந்து நிமிட எப்பாக்ஸி வேண்டாம். மெதுவாக இறுகும் அரால்டைட் ஸ்டாண்டர்டு மாதிரியான பசைதான் வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எப்பாக்ஸி 50, 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், ஐந்து நிமிட ரகம் அதற்கும் முன்பே. சித்திரை வெயிலில் ஐந்து ரோட்டுப் பக்கம் நிறுத்தி வைத்த காருக்குள் கருப்பு நிற இறக்கை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். வெயிலில் கிடந்த விமானத்தை எடுத்த கையோடு பறக்க விடாதீர்கள். நிழலில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள்.

அலுமினிய ஜாய்னரைக் கார்பன் உறைக்குள் நேரடியாகப் போடக் கூடாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் உள்ளே இறங்கினால், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்து, உறைக்குள் இறுகிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுற்று கண்ணாடி நார் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெயிலில் அலுமினியம் விரிந்து சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். 25 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மி.மீ. கம்பியின் விட்டம் 0.006 மி.மீ.தான் கூடும். சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தூசு, அல்லது ஈரத்தில் ஊதிய மரம்.

படி 5: பின்

பின்னின் மேல் எவ்வளவு விசை வரும் என்று தெரிந்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். நம் கிளைடர் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும்போது, இறக்கையைத் திருக முயலும் விசையைத் தடுக்க, ஜாய்னரிலிருந்து 10 செ.மீ. பின்னால் இருக்கும் பின்னில் விழுவது ஏறத்தாழ 6 நியூட்டன். முக்கால் கிலோகூட இல்லை. டைவில் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகி இரண்டரை கிலோ ஆகும். அவ்வளவே.

இதற்கு 3 அல்லது 4 மி.மீ. மூங்கில் குச்சி போதும். கார்பன் போட்டாலும் 3 மி.மீ. தாண்ட வேண்டாம். சைக்கிள் ஸ்போக்ஸ் துண்டு 2 மி.மீ. இருக்கும், சின்ன விமானத்துக்குச் சரியாக இருக்கும். பின்னுக்கு வலுவைவிட முக்கியம், துளையில் ஆடாமல் உட்காருவது. இரண்டு இறக்கையின் கோணமும் ஒரு டிகிரி மாறினாலே விமானம் ஒரு பக்கமாக உருளும். ஆகவே துளையைச் சுற்றி 1.5 மி.மீ. பிளைவுட் ஒட்டி, அதில் துளை போடுங்கள். வெறும் பால்சாவில் போட்ட துளை சீக்கிரமே நீள்வட்டமாகிவிடும்.

பின்னைத் தோற்கும்படி வடிவமைப்பது இங்கேதான். இறக்கை நுனி தரையில் பட்டால் முதலில் பின் முறிய வேண்டும், இறக்கை ஜாய்னரில் கொஞ்சம் சுழன்று தப்பிக்க வேண்டும். மூங்கில் பின் முறிந்தால் பையிலிருந்து இன்னொன்று எடுத்துப் போட்டு அடுத்த நிமிடம் பறக்கலாம். கனமான எஃகு பின் முறியாது. இறக்கையின் வேர் ரிப்பை, அதாவது உடலை ஒட்டிய முதல் விலாவை, கிழித்துக்கொண்டுதான் வரும். ஏற்காட்டில் இது இன்னும் முக்கியம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. அதே விமானம் அங்கே 5 சதவீதம் கூடுதல் வேகத்தில்தான் இறங்கும், மோதினால் அடியும் பத்து சதவீதம் கூடும்.

ஒரே துண்டாக உள்ள இறக்கையை உடலின் மேல் போல்ட் போட்டுப் பிடிக்கும் விமானங்களுக்கும் இதே நியாயம்தான். முன்பக்கம் 6 மி.மீ. மரக்குச்சி, பின்பக்கம் 5 மி.மீ. நைலான் போல்ட். எஃகு போல்ட் வேண்டாம். நைலான் ரொம்பக் காய்ந்தால் மொறமொறவென்று ஆகிவிடும். நம் ஊர்க் கோடையில் ஒரு டப்பாவில் கிடந்த பழைய போல்ட்டுகளைப் போடுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். நைலான் ஈரத்தை இழுத்துக்கொண்டு பழைய இழுவைக்கு வரும். மஞ்சளாகிப்போனதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படி 6: கழன்று வராமல் பிடிப்பது

இறக்கையின் வேர் இணைப்பைச் சுற்றி நல்ல பிளாஸ்டிக் டேப் ஒரு சுற்று. உடலை ஊடுருவிப் போகும் ஜாய்னர் என்றால் இரண்டு வேர் ரிப்பிலும் சின்னக் கொக்கி வைத்து, உள்ளே ரப்பர் பேண்ட் மாட்டலாம். ரப்பர் பேண்டை அடிக்கடி மாற்றுங்கள், நம் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும்.

படி 7: தரையிலேயே சோதியுங்கள்

விமானத்தை முழுசாக மாட்டி, இருவர் ஆளுக்கொரு பக்கம் இறக்கை நுனிகளை மட்டும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். நடுவில் வரும் வளைவு விசை, பறக்கும்போது 2.4 ஜி-க்குச் சமம். இது எந்த விமானத்துக்கும் பொருந்தும். இதையே தாங்காத இறக்கையைப் பறக்கவிடக் கூடாது.

கொஞ்சம் கூடுதலாகச் சோதிக்க, நடுவிலிருந்து இருபுறமும் அரை இறக்கையின் 42 சதவீத தூரத்தில், நம் கிளைடருக்கு 42 செ.மீ., இரண்டு நாற்காலி முதுகுகளை நிறுத்தி, தடியான ஃபோம் விரித்து, அதன் மேல் இறக்கையை உட்கார வையுங்கள். 5 ஜி வேண்டுமானால் மொத்த எடை 6 கிலோ ஆக வேண்டும். விமானமே 1.2 கிலோ, மீதிக்கு உடலின் ஈர்ப்பு மையத்தில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நின்று, காது கொடுத்துக் கேளுங்கள். பசை விடும்போது ஒரு சின்ன டிக் சத்தம் வரும். கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு உறையைத் திறந்து பாருங்கள். சத்தம் வரவில்லையென்றால் பாக்கெட்டுகளை இறக்கி, ஜாய்னரை உருவி, கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். பிறகு மறுபடி மாட்டி, இறக்கை நுனியைப் பிடித்து லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். சோதனைக்கு முன்பு இல்லாத ஆட்டம் இப்போது இருந்தால் உறை நசுங்கியிருக்கிறது என்று பொருள்.

படி 8: மாற்றும் காலம்

மலையில் பனியில் நனைந்து வந்தால் அன்றைக்கே ஜாய்னரை உருவித் துடையுங்கள். பியானோ ஒயருக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவலாம், துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மரத்தில் ஊறினால் பிறகு பசை பிடிக்காது. துரு புள்ளி புள்ளியாகக் குழி விழுந்த பியானோ ஒயரை வைத்திருக்காதீர்கள், அந்தக் குழியில்தான் முறியும்.

கார்பன் கம்பியை நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால், அல்லது கம்பியை முறுக்கும்போது கிறீச்சென்ற சத்தம் வந்தால், வெளியே அழகாக இருந்தாலும் அது முடிந்துபோனது. அதைத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக்கூட நட்டு வைக்காதீர்கள், வெயிலில் பசை போய் நார் கையில் ஏறும். டேப் சுற்றிக் குப்பையில் போடுங்கள். பெரிய மோதலுக்குப் பிறகு, கம்பியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கார்பன் ஜாய்னரை நான் மாற்றிவிடுவேன். அலுமினியம் என்றால் கண்ணாடிச் சோதனையில் தேறினால் போதும். மூங்கில் என்றால், அதை வெட்டிய அன்றே இன்னும் இரண்டைச் சீவி வார்னிஷ் அடித்துப் பெட்டியில் போட்டு வைத்திருங்கள்.